எந்த பாக்கெட் பால் வாங்குவது? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 210 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கொழுப்பு குறைந்த பாலுக்கு மாறச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? (தண்டையார்பேட்டை)

பாக்கெட்டின் நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். ஃபுல் கிரீம் என்றால் கொழுப்பு 6 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, டோன்டு 3, டபுள் டோன்டு 1.5. அரை லிட்டர் ஃபுல் கிரீமில் ஏறக்குறைய 30 கிராம் கொழுப்பு இருக்கும். டபுள் டோன்டில் 8 கிராம்கூட வராது. புரதமும் கால்சியமும் குறையாது.

ஆனால் டிரைகிளிசரைடை ஏற்றுவதில் பாலைவிடச் சர்க்கரை, அதிகச் சோறு, மைதா, மது, வயிற்றுச் சதை இவற்றுக்கே பெரிய பங்கு. பாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் ஏமாற்றம்தான்.

ஒரு நாளைக்கு அஞ்சு டீ. கடைக்காரரிடம் டபுள் டோன்டு பாலில் போடச் சொல்லலாமா? (காசிமேடு)

கணக்குப் போட்டுப் பாருங்கள். டீக்கு 60 மில்லி வீதம் ஐந்து டீக்கு 300 மில்லி பால். டோன்டிலிருந்து டபுள் டோன்டுக்கு மாறினால் 4.5 கிராம் கொழுப்பு, அதாவது 40 கலோரி மிச்சம். அதே டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் நாளுக்கு 45 கிராம், 180 கலோரி! கூடவே கடிக்கும் பொறை தனி.

"சக்கரை கம்மி" என்று மட்டும் சொன்னால் மாஸ்டரின் கைக்குத் தோன்றியதுதான் கம்மி. "சக்கரை இல்லாம, சக்கரையும் ஸ்பூனும் தனியா" என்று கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஒரு ஸ்பூன், அடுத்த இரண்டு வாரம் அரை. நாக்கு பழகிவிடும்.

ஆடையை எடுத்துவிட்டால் போதாதா? (வியாசர்பாடி)

கறந்த பாலென்றால் பெருமளவு போதும். காய்ச்சி, சூடு முழுக்க ஆறிய பிறகு மூடி, குலுக்காமல் ஃபிரிட்ஜில் 8 மணி நேரம் வையுங்கள். தட்டைக் கரண்டியால் ஆடையைத் தூக்குங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகச் சொட்டி ஆடை கெட்டியாகாது.

'ஹோமோஜினைஸ்டு' பாக்கெட்டில் இது பலிக்காது. கொழுப்புத் துளிகளைப் பொடிப்பொடியாக உடைத்திருப்பதால் அவை மேலே மிதந்து வராது. இன்னொன்று: சேர்த்த ஆடை நெய்யாகி உங்கள் தோசைக்கே திரும்பினால், எடுத்ததில் என்ன லாபம்?

டபுள் டோன்டில் தயிர் தண்ணியாகவே வருகிறது. (பெரம்பூர்)

பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடுகிறீர்கள் போல. சிறு தீயில் இன்னும் 10 நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில்தான் பாலின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நீரைப் பிடித்துவைக்கும் தன்மை பெறுகின்றன. அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்தால் இன்னும் கெட்டி. விரல் தாங்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டி உறை ஊற்றி, அசைக்காமல் வையுங்கள். மே மாதத்தில் 4 மணி நேரத்திலேயே பார்த்துவிடுங்கள்; விட்டால் புளித்து நீர் பிரியும்.

முழுக்கொழுப்புப் பால்தான் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (ராயபுரம்)

அதற்கு அடிப்படை இருக்கிறது. இந்தியா உட்பட 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வின் 2020 கட்டுரையில், தினம் இரண்டு பங்கு முழுக்கொழுப்புப் பால், தயிர் எடுத்தவர்களிடம் மெட்டபாலிக் சிண்ட்ரோம் (தொப்பை, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, ரத்தக் கொழுப்புக் கோளாறுகள் சேர்ந்து வரும் நிலை) குறைவாக இருந்தது. கொழுப்பு குறைந்ததை மட்டும் எடுத்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் இது கவனித்துப் பார்த்த ஆய்வு. பால்தான் காரணம் என்று நிரூபிக்காது. பால் வாங்க வசதியுள்ளவர் மற்றவற்றையும் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம்.

எங்கள் கருத்து: எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம், இதய நோய் உண்டு என்றால் டோன்டு அல்லது டபுள் டோன்டு. மற்றவர்கள் நாளுக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் எதில் எடுத்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தொட்டால் அதுதான் கவலைப்பட வேண்டிய எண்.

தைராய்டு மாத்திரையைப் பாலோடு போடலாமா? (கொருக்குப்பேட்டை)

கூடாது. பாலில் உள்ள கால்சியம் அந்த மருந்தை உடலில் சரியாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்து டீ. கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.