ஓவியமும் தையல் மிஷினும் – கடிதம்

அன்புள்ள சார்,

ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் வரைந்த, அடேலே புளோக்-பாவர் என்ற பெண்மணியின் ஓவியம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நாஜிகள் பிடுங்கிய ஓவியத்தை மரியா ஆல்ட்மன் என்ற மூதாட்டி ஆஸ்திரிய அரசோடு மல்லுக்கட்டி மீட்டதை உருக்கமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் எனக்குச் சில விஷயங்கள் இடிக்கின்றன. படத்தில் இருக்கும் தன் சித்தியின் நினைவுக்காகப் போராடினார் என்றால், கைக்கு வந்த அதே வருடம் 13.5 கோடி டாலருக்கு விற்றது எதற்கு? அடுத்தது, திருடியவனும் செத்துவிட்டான், பறிகொடுத்தவனும் செத்துவிட்டான். பேரன் போய்ப் பேரனிடம் கேட்பதில் என்ன நியாயம்? ஜெர்மனிதான் எப்போதோ நஷ்டஈடு கொடுத்துவிட்டதே. கடைசியாக ஒன்று. கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் ஏராளமானவர்கள் தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், பெட்டிக்கடைக்காரர்கள். அவர்களில் யாருடைய தையல் மிஷினாவது திரும்பி வந்ததா? பணக்கார வீட்டு வழக்குக்குத்தான் கட்டுரையெல்லாம் எழுதுகிறோம் என்று தோன்றுகிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

தவறாக நினைக்க ஒன்றுமில்லை. கட்டுரையில் நான் கொஞ்சம் அதிகமாகவே உருகிவிட்டேன், அதனால்தான் உங்களுக்கு இடிக்கிறது.

முதலில் விற்ற விஷயம். அடேலே மரியாவுக்கு அம்மாவின் தங்கை, அப்பாவின் தம்பி மனைவியும்கூட, அதாவது இரண்டு வழியிலும் சித்திதான். ஆனால் வாரிசு மரியா ஒருவர் மட்டும் இல்லை, இன்னும் பலர் இருந்தார்கள், ஓவியத்தை வெட்டிப் பாகம் பிரிக்க முடியாது. அது கிடக்கட்டும். நம் ஊரில் ஒருவர் பூர்வீக வீட்டுக்காக இருபது வருடம் கோர்ட்டுக்கு நடந்து, தீர்ப்பு வந்த அடுத்த மாதம் விற்றால், அப்படியானால் வீடு உன்னுடையதே இல்லை என்று யாராவது சொல்வார்களா? வைத்துக்கொள்வதும் விற்பதும் உரிமைக்காரர் பாடு. 1938-இல் அவர்களிடமிருந்து பிடுங்கியது அந்த உரிமையைத்தான்.

இதில் நாஜிகளைவிட எனக்கு அதிகம் உறுத்துவது 1948. போர் முடிந்து மூன்று வருடம், ஆஸ்திரியாவில் இருப்பது ஜனநாயக அரசு. குடும்பத்தின் மற்ற கலைப்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக அனுமதி வேண்டுமானால் கிளிம்ட் ஓவியங்கள் எங்களுடையவை என்று ஒப்புக்கொள் என்ற பேரம் அப்போதுதான் நடந்தது, குடும்பத்தின் வக்கீல் எழுதிக் கொடுத்தார். 1998-இல், இப்படிப் பறித்த கலைப்பொருள்களைத் திருப்பிக் கொடுக்க வழிசெய்து சட்டம் மாறியது. அதன் பிறகும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். வியன்னாவில் வழக்குப் போடப்போனால் சொத்தின் மதிப்புக்குத் தகுந்தபடி கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், அதாவது திருட்டுப்போன பொருள் எவ்வளவு விலை உயர்ந்ததோ அவ்வளவு அதிகமாகப் பறிகொடுத்தவர் கட்ட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் துணிக்கடை நடத்திப் பிழைத்த பெண்மணி அதற்கு எங்கே போவார்? அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2004-இல் உச்ச நீதிமன்றம்வரை போய், 2006 ஜனவரியில் ஆஸ்திரிய நடுவர்களே ஐந்து ஓவியங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது அவருக்குத் தொண்ணூறு வயது ஆகப்போகிறது.

இரண்டாவது கேள்வியில் 'திருடியவன்' என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். ஒருவன் திருடியிருந்தால் அவன் சாவோடு கணக்கு முடிந்திருக்கும். ஒரு சமூகமே வரிசையில் நின்று, ரசீது போட்டு, எடுத்துக்கொண்டது. 1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாரும் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று ஆணை. நவம்பரில் அவர்கள் கடைகளை அடித்து நொறுக்கிவிட்டு, நொறுங்கியதற்கு அபராதமாக 100 கோடி மார்க்கை அவர்கள் தலையிலேயே கட்டினார்கள், இன்சூரன்ஸ் பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. நாட்டைவிட்டுப் போகிறாயா, கால் பங்கு சொத்து வெளியேறும் வரி. 1941 நவம்பர் 25-இல் வந்த ஆணைதான் உச்சம்: நாட்டு எல்லைக்கு வெளியே வசிக்கும் யூதருக்குக் குடியுரிமை கிடையாது, சொத்து அரசுக்கு. எல்லைக்கு வெளியே கூட்ஸ் வண்டியில் அடைத்து அனுப்புவது இவர்களேதான், அப்படிப் போனதும் சட்டப்படி சொத்து இவர்களுக்கே.

அனுப்புவதற்கு முன்னால் 16 பக்கப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். நாற்காலி எத்தனை, தலையணை உறை எத்தனை, உள்ளாடை எத்தனை, வங்கியில் எவ்வளவு. நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். பிறகு ஆள் வந்து விலை போடுவார், சாமான் ஏலத்துக்குப் போகும், அக்கம்பக்கத்தார் வாங்கிப் போவார்கள். எனக்கு இதில் மறக்கவே முடியாதது, கேஸ் கம்பெனியும் மின்சாரக் கம்பெனியும் வரி அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள்: இன்னார் பாக்கி வைத்துவிட்டுப் 'போய்விட்டார்', ஜப்தி செய்த சொத்திலிருந்து எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள். வீட்டுக்காரரும் அப்படித்தான், வீடு காலியாகக் கிடந்த மாதங்களுக்கு வாடகை கேட்டு எழுதுகிறார். பெர்லின் பகுதிக் கோப்புகள் இன்றும் பாட்ஸ்டம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவர்களில் யாரும் யாரையும் சுட்டவர்கள் இல்லை, கிளார்க்குகளும் கணக்குப்பிள்ளைகளும்தான்.

ஆக, சொத்து எரிந்து புகையாகிவிடவில்லை. யார் வீட்டிலோ கட்டிலாக, யார் பெயரிலோ பட்டாவாக, ஏதோ வங்கியில் இருப்பாக, மியூசியச் சுவரில் படமாக இருந்தது. பேரன் பேரனிடம் கேட்கிறான் என்கிறீர்கள். பல வழக்குகளில் எதிர்த்தரப்பு பேரனே இல்லை. ஒரு வங்கி, ஒரு மியூசியம், ஒரு நகராட்சி. அவையெல்லாம் சாகாத ஆசாமிகள்.

என் அப்பா இறந்தபோது அவர் கணக்கில் சில ஆயிரம் ரூபாய் இருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் கையில் இருந்தும் என்னை நாலு முறை அலையவிட்டார்கள். ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். இப்போது சுவிஸ் வங்கிக் கவுன்டரில் நிற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா இங்கே பணம் போட்டிருந்தார் என்கிறாள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எங்கே என்கிறார் கவுன்டர்காரர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வந்து இறங்கிய அன்றே விஷவாயு அறைக்குப் போனவருக்கு எந்தத் தாசில்தார் சான்றிதழ் கொடுப்பார்? ஐம்பது வருடம் இப்படியே ஓட்டினார்கள். 1997-இல் ஒரு வங்கியின் இரவுக் காவலாளி கிறிஸ்டோஃப் மைலி, கிழித்துப்போட வைத்திருந்த பழைய ஆவணங்களைப் பார்த்து வெளியே எடுத்துக் கொடுத்தார். அவர்மேலேயே விசாரணை பாய்ந்தது, அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1998-இல் வங்கிகள் 125 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டன. மறு வருடம், வங்கிகளின் பழைய கணக்குகளை ஆராய்ந்த வோல்க்கர் குழு, நாஜிகளுக்குப் பலியானவர்களோடு சம்பந்தப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் ஏறத்தாழ 54,000 என்று சொன்னது.

நகராட்சி என்றேன் இல்லையா, அது ஆம்ஸ்டர்டாம். முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்களுக்கு நகராட்சி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது: உங்கள் மனைக்கு இத்தனை வருடக் குத்தகைப் பாக்கி, தாமதத்துக்கு அபராதம் தனி. அந்த வருடங்களில் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள், சொந்தக்காரர் முகாமில் இருந்தார். பழைய காகிதங்களை ஸ்கேன் செய்யும் வேலையில் இருந்த ஒரு மாணவியின் கண்ணில் பட்டு, 2013-இல்தான் செய்தித்தாளில் வந்தது. 2016-இல் நகராட்சி, யூத சமூகத்துக்கு ஒரு கோடி யூரோ கொடுப்பதாக முடிவு செய்தது.

ஜெர்மனி கொடுத்துவிட்டதே என்கிறீர்கள். கொடுத்தது, உண்மைதான். 1952 செப்டம்பரில் லக்சம்பர்கில் ஒப்பந்தம், இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், யூத அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸுக்கு 45 கோடி. அந்தக் காசை வாங்கலாமா என்ற கேள்வியை உங்களுக்கு முன்னால் கேட்டவர்கள் யூதர்களே. அந்த வருடம் ஜனவரியில், பின்னாளில் பிரதமரான பெகின் தலைமையில் ஜெருசலேமில் பெரிய கலவரம், நாடாளுமன்றத்தின்மேல் கல் பறந்தது, ஜெர்மனியோடு பேசலாம் என்ற பக்கம் வாக்கெடுப்பில் 61-க்கு 50 என்று ஜெயித்தது. இந்த நஷ்டஈட்டுக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் வீடர்குட்மாக்குங், 'மறுபடி நல்லதாக்குதல்'. எதை நல்லதாக்குவீர்கள் என்று கேட்டுக் கடைசிவரை ஒரு பைசா தொடாதவர்கள் உண்டு. அவர்களையும் எனக்குப் புரிகிறது, வாங்கியவர்களையும் புரிகிறது.

ஆனால் அந்தப் பணம் எல்லாக் கணக்கையும் முடித்துவிடவில்லை. முகாமில் கிடந்த ஒரு நாளுக்கு 5 மார்க் என்று போட்டார்கள், அது சுதந்திரம் பறிபோனதற்கு. பொருளுக்குத் தனிச் சட்டம். கிழக்கு ஜெர்மனி கை விரித்துவிட்டது, அங்கிருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் 1990-க்குப் பிறகுதான் விண்ணப்பம் வாங்கினார்கள். போலந்தில் இன்றுவரை முழுமையான சட்டம் கிடையாது, 2021-இல், சொத்தை எடுத்த பழைய உத்தரவுகளை எதிர்த்துப்போக 30 வருடக் கெடு விதித்து, இருந்த சின்ன வழியையும் அடைத்தார்கள். (போலந்தும் அந்தப் போரில் நாசமான நாடு, கம்யூனிஸ்ட் ஆட்சி எல்லார் சொத்தையும்தான் எடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) லில்லி காசிரர் என்ற பெண்மணி 1939-இல் நாட்டைவிட்டுத் தப்ப பிரெஞ்சு ஓவியர் பிஸாரோவின் ஓவியம் ஒன்றை 900 மார்க்குக்குக் கொடுத்தார், அந்த 900-ஐயும் கணக்கிலிருந்து எடுக்க விடவில்லை. ஓவியம் தொலைந்தே போனது என்று எல்லாரும் நம்பிய 1958-இல் ஜெர்மனி 1,20,000 மார்க் கொடுத்தது. பிறகு பார்த்தால் மாட்ரிட்டில் மியூசியச் சுவரில் தொங்குகிறது. 2005-இல் பேரன் வழக்குப் போட்டார், அவர் இறந்து மகன் நடத்தினார், 2025-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழே அனுப்பியது. ஒருமுறை பணம் வாங்கியாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். பொருளே கிடைக்காது என்று கொடுத்த பணம் அது. பொருள் கிடைத்துவிட்டால் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம், அது பெரிய கணக்கில்லை.

உங்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் அலுவலகத்துக்குள்ளேயே சிலர் கூட்டுச் சேர்ந்து, பாதிக்கப்படாதவர்கள் பெயரில் பொய் விண்ணப்பம் போட்டு 5.7 கோடி டாலர் சுருட்டினார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். பெரிய ஓவிய வழக்குகளில் வக்கீல்கள் பார்த்த பணமும் கொஞ்சமில்லை. ஆனால் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்பது சரியில்லை. தப்பிப் பிழைத்தவர்களில் 2024 தொடக்கத்தில் உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 2,45,000 பேர். பல பேர் ஏழைகள். நஷ்டஈட்டுப் பணத்தில் இப்போது பெரும் பகுதி, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டும் ஆளுக்குச் சம்பளமாகப் போகிறது.

சரி, தையல் மிஷின். நீங்கள் கேட்டதிலேயே இதுதான் நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் இருப்பது மோசமான பதில். அநேகமாக வரவில்லை. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 70,000 வீடுகளைத் துடைத்து எடுத்து, குண்டு விழுந்து வீடிழந்த ஜெர்மானியர்களுக்கு அனுப்பினார்கள். அதில் போன மிஷின் எது, யாருடையது என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? ஓவியம்போல அதற்குப் பெயரா இருக்கிறது?

பெயர் எழுதியிருந்த சின்னப் பொருள்கள் சில திரும்பியிருக்கின்றன. 1943-இல் பெர்லின் நகர நூலகம், நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீடுகளிலிருந்து வந்த 40,000-க்கும் மேற்பட்ட புத்தகங்களை நகராட்சி அடகுக் கடையிடம் விலைக்கு வாங்கியது. பதிவேட்டில் அவற்றில் ஒரு பகுதிக்கு 'ஜே' என்ற எழுத்தைப் போட்டுத் தனியாக எழுதி வைத்தார்கள். போருக்குப் பிறகும் அவை அலமாரியில் அப்படியே இருந்தன, ஜனங்கள் எடுத்துப் படித்துக்கொண்டும் இருந்தார்கள். இப்போது அந்த நூலகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அட்டையைத் திறந்து முதல் பக்கத்தில் பெயர், முத்திரை, அன்பளிப்பு வரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பெயருக்கு உயிரோடு யாராவது உண்டா என்று தேடுகிறார்கள். ஒரு வாத்தியார் தன் மாணவனுக்குப் பண்டிகைக்குக் கொடுத்த சிறுவர் புத்தகம் ஒன்று அப்படி உரியவருக்கே போய்ச் சேர்ந்தது, மாணவர் அப்போது கிழவர். அதற்கு 13.5 கோடி டாலர் தேற வாய்ப்பில்லை, விற்றிருக்கவும் மாட்டார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.