பதில்: பழைய திரளில் மக்னீசியம் கூடுவது ஏன்?

வணக்கம் தம்பி. உப்புவெளியிலிருந்து விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பதாகை செய்வதாக எழுதியிருந்தீர்கள். "பழைய விண்மீன் திரள் என்றால் உலோகம் குறைவு" என்று எழுதிய பிறகு, பெரிய நீள்வட்டத் திரள்களில் மக்னீசியம் கூட என்று வாசித்துக் குழம்பிவிட்டீர்கள். (வானியலில் ஐதரசன், ஈலியம் தவிர்ந்த எல்லா மூலகங்களையும் உலோகம் என்றே சொல்வார்கள்.) அந்த வரியை மாற்றுங்கள். வயதை மட்டும் பார்த்தால் போதாது, விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

சூரியனைப்போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுக்குள் வெடித்துவிடும். ஒட்சிசன், மக்னீசியம் எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. அவை கொஞ்சம் இரும்பும் தரும். ஆனால் இரும்பில் பெரும்பங்கு வெண்குள்ளன்கள், அதாவது சிறிய விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் எஞ்சும் கருக்கள், வெடிப்பதால் வருவது. அதற்குப் பல சமயம் நூறு கோடி ஆண்டுக்கு மேலும் ஆகும். பெரிய நீள்வட்டத் திரள்கள் அந்த இரும்பு வந்து சேருமுன்பே பெரும்பாலான விண்மீன்களைப் பெற்று முடித்துவிட்டன. அதனால்தான் இரும்போடு ஒப்பிட்டால் அங்கே மக்னீசியம் கூட. நம் பால்வீதியின் தட்டு ஆறுதலாக வளர்ந்தது, சூரியன் பிறக்கும்போது இரும்பும் கலந்திருந்தது.

சிறிய திரள்களின் கதை வேறு. ஈர்ப்பு குறைவு என்பதால் வெடிப்புகள் வாயுவை வெளியே தள்ளிவிடும், விண்மீன் பிறப்பும் மெதுவாகவே நடக்கும். பால்வீதிக்கு அருகிலுள்ள சிறிய திரளான பெரிய மகெல்லன் முகிலில் உலோகம் சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். மாசியில் வானம் வெளித்திருந்தால் இரவு எட்டு மணிபோல, வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று தெற்கே தாழப் பாருங்கள், மங்கலான புகைபோலத் தெரியும். கட்டாயம் பாருங்கள், அவ்வளவு அழகு! பதாகையில் அதையே உதாரணமாகப் போடலாம்.