ஊராட்சியில் மிச்சமிருக்கும் பணத்தில் சாலை போட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊராட்சிக் கணக்கில் சில லட்சம் ரூபாய் செலவாகாமல் கிடப்பதாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலையோ குண்டும் குழியுமாக இருக்கிறது. கேட்டால், ‘அடுத்த வருடத் திட்டத்தில் பார்க்கலாம்’ என்கிறார்கள். இருக்கிற பணத்தில் இப்போதே போட வழியில்லையா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால், மிச்சப் பணம் ஒரே மூட்டையாகக் கிடப்பதில்லை. அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வீட்டு வரியும் மாநில நிதிக்குழு மானியமும் சேரும் பொது நிதி என்றால் சாலைக்கு எடுக்கலாம். மார்ச் 31 தாண்டினாலும் அது ஊராட்சியை விட்டுப் போய்விடாது. 2021-26 காலத்துக்கான மத்திய 15-வது நிதிக்குழு மானியத்தின் இருப்பு என்றால், அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடலாம். மீதி 40 சதவீதத்தில் சாலை போடலாம். அதற்கும் அந்த வேலை, ஊராட்சி ஆண்டுதோறும் போடும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு வந்த தொகை டெண்டரில் மிஞ்சியிருந்தால், ஊராட்சி அதைத் தன் விருப்பத்துக்குத் திருப்ப முடியாது. ‘பாஸ்புக்கில் இவ்வளவு இருக்கிறதே’ என்று வாதாடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து, சாலை யாருடையது என்று கேளுங்கள். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றாலோ நெடுஞ்சாலைத் துறையுடையது என்றாலோ உங்கள் மனு அங்கேதான் போக வேண்டும்.

ஊராட்சிச் சாலைதான் என்றால் கிராம சபையில் எழுப்புங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. அன்று வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பேசுங்கள். ‘சாலையைச் சீரமைக்க வேண்டும்’ என்று மொட்டையாக எழுதிய தீர்மானத்தால் பயனில்லை. எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மீட்டர், எந்த நிதியிலிருந்து என்று எழுத வைத்து, நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் செலவு மதிப்பீடு போட வேண்டும், அனுமதிகள் வர வேண்டும், டெண்டர் விட வேண்டும். தாமதம் பெரும்பாலும் மதிப்பீட்டில்தான். தலைவரின் பதவிக்காலம் முடிந்த ஊராட்சி என்றால், அவருக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கும் தனி அலுவலரிடம் பேசுங்கள்.

என் யோசனையைக் கேட்டால், முழுச் சாலைக்கும் அடம் பிடிக்காதீர்கள். பணம் சில லட்சம்தான் என்றால் தண்ணீர் தேங்கும் இடத்தில் சிறு பாலமும் வடிகாலும், மோசமான துண்டுக்கு மட்டும் ஜல்லியும் தாரும் போதும். வடிகால் இல்லாமல் மேலே மேலே தார் போட்டால் தெரு உயர்ந்து, மழைநீர் வீட்டுக்குள் வரும். அப்புறம் அதற்கு ஒரு மனு எழுத வேண்டியிருக்கும்!

பணம் பற்றவில்லையென்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்களோ நன்கொடையாளர்களோ கட்டினால், மீதியை அரசு போடும். எப்படிச் செய்தாலும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். நனைந்த தரையில் தார் பிடிக்காது. ஆகவே மே 1 கூட்டத்திலேயே தீர்மானத்தை முடித்துவிடப் பாருங்கள்.