மேடையும் மேல்மாடமும்: நவீன பிரித்தானிய ஓவியம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கேளிக்கைக் கலைஞர்களை வரையும் வழக்கம் பிரித்தானியாவில், சினிமா, விளம்பரம், இசை போன்ற வெகுஜனப் பண்பாட்டைப் பொருளாகக் கொண்ட பாப் கலையோடுதான் தொடங்கியதா?

பதில்: இல்லை. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓவியர் வால்டர் சிக்கர்ட், லண்டன் கேம்டன் டவுனில் இருந்த பெட்ஃபோர்ட் மியூசிக் ஹால் என்ற பாட்டு, கேளிக்கை அரங்கில் பல இரவுகள் அமர்ந்து குறிப்போவியங்கள் வரைந்திருக்கிறார். இளமையில் நடிகர் ஹென்றி இர்விங்கின் நாடகக் குழுவில் சிறு வேடங்கள் ஏற்றவர் என்பதால் மேடையின் இருபுறமும் அவருக்குத் தெரியும். 1892இல் காட்சிக்கு வைத்த மின்னி கன்னிங்ஹாம் ஓவியத்தில், இருண்ட பின்னணியில் சிவப்பு உடையும் சிவப்புத் தொப்பியுமாகப் பாடகி பக்கவாட்டில் நிற்கிறாள். ஆனால் நான் அதைவிட உயர்வாகக் கருதுவது, 1890களின் நடுவில் தீட்டப்பட்டு இன்று லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தில் உள்ள பழைய பெட்ஃபோர்டின் மேல்மாடக் காட்சியை. அதில் பாடகியே இல்லை. பொன்பூச்சு வேலைப்பாட்டுக்கும் பெரிய கண்ணாடிக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பையன்கள் மட்டுமே இருக்கிறார்கள். நட்சத்திரத்தைத் தேடுமுன் ஓவியர் எந்த இருக்கையிலிருந்து பார்க்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: லண்டனில் பெண்களைக் கொன்ற, யாரென்றே தெரியாத ஜாக் த ரிப்பர் சிக்கர்ட்தானே?

பதில்: அல்ல. 1888இல் அக்கொலைகள் நடந்த காலத்தின் பெரும்பகுதியில் அவர் பிரான்சில் இருந்ததைக் கடிதங்கள் காட்டுகின்றன.

கேள்வி: பாப் கலை ஓவியர்கள் பீட்டர் பிளேக், பாலின் போட்டி இருவரும் வெறும் ரசிகர்கள்தாமே?

பதில்: ரசிகர்கள்தாம், ‘வெறும்’ என்பதை ஏற்கமாட்டேன். 1961ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியத்தில் பிளேக் ஜீன்ஸ் உடையில், நெஞ்சு நிறைய பேட்ஜுகளோடு, பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பற்றிய இதழைக் கையில் பிடித்தபடி, சிரிப்பே இல்லாமல் நிற்கிறார். அவர் வரைந்தது எல்விஸை அல்ல, எல்விஸை விரும்பும் ஓர் ஆளை. பாலின் போட்டி 1963இல் நடிகை மர்லின் மன்றோவைத் தட்டையான பச்சைப் பரப்புகளுக்கு நடுவே ஒரு கீற்றாக நடக்கவிட்டார். பாலின் 28 வயதில் இறந்தபின் அவருடைய ஓவியங்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

கேள்வி: பத்திரிகைப் புகைப்படத்தைப் பார்த்து வரைவது நகலெடுப்புதானே?

பதில்: இக்குற்றச்சாட்டை முதுமையில் சிக்கர்ட்டும் கேட்டார். 1932இல் நடிகை குவென் ஃபிராங்சன் டேவிஸை அவர் எட்டடி உயரத்தில் வரைந்தது, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாடகப் புகைப்படத்தைக் கொண்டுதான். கைக்கு அடக்கமான கறுப்பு வெள்ளைப் படம் அந்த அளவுக்கு வளரும்போது எதை விடுவது, எதை மங்கவிடுவது என்று முடிவு செய்பவர் ஓவியரே.

மறுப்பு: அப்படியானால் பெருமை புகைப்படக்காரருக்கு அல்லவா சேர வேண்டும்?

பதில்: சேரட்டும், சிக்கர்ட்டே புகைப்படக்காரர் பெர்ட்ரம் பார்க்கின் பெயரை அந்த ஓவியத் துணியில் எழுதியிருக்கிறார். பாப் கலை ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனையும் பாருங்கள். 1967 போதைப்பொருள் வழக்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரும் ஹாமில்டனின் கலை வணிகர் ராபர்ட் ஃபிரேசரும் ஒரே விலங்கில் பிணைக்கப்பட்டு, காவல்துறை வண்டிக்குள் கைகளை உயர்த்தி முகத்தை மறைத்த செய்திப்படத்தை எடுத்து, அவர் பல வடிவங்களில் திரும்பத் திரும்பச் செய்தார். செய்தித்தாளில் அது மறுநாளே பழையதாகிவிடும் காட்சி. ஹாமில்டனிடம், ஃபிளாஷ் வெளிச்சமும் அதைத் தடுக்கும் கைகளுமே பொருளாகிவிட்டன. நட்சத்திரத்தின் முகம் சரியாகத் தெரியாததே அந்த ஓவியத்தின் வலு. நகலெடுப்பவருக்கு முகமல்லவா முதலில் வேண்டும்?

கேள்வி: ரிப்பர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்களின் டிஎன்ஏ பரிசோதனை பற்றி?

பதில்: சிக்கர்ட் ரிப்பரா என்பதற்கு மேலே பதில் சொல்லிவிட்டேன்.

கேள்வி: நேரில் அமரவைத்து யாருமே வரையவில்லையா?

பதில்: ஓவியர் மேகி ஹாம்ப்ளிங் வரைந்தார். 1980களின் தொடக்கத்தில் நகைச்சுவைக் கலைஞர் மேக்ஸ் வாலை மீண்டும் மீண்டும் அமரவைத்துத் தீட்டிய வரிசை அது.

கேள்வி: என்னிடம் பிளேக்கின் அச்சுப்படம் ஒன்று உள்ளது. விலை என்ன போகும்?

பதில்: ஏல நிறுவனத்தைக் கேளுங்கள்.