பதவி உயர்வும் சின்னப் பிள்ளைகளும்: தலைமைத்துவ கோச்சிங் கைகொடுக்குமா?

கேள்வியைச் சுருக்கினால்: வீடு வவுனியாவில், வேலை கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனக் கிளையில். பிள்ளைகளுக்கு 4 வயதும் 9 வயதும். கணவர் கொழும்பில், மாமி வீட்டோடு. கிளைப் பொறுப்பைத் தரப்போகிறார்கள். கூடவே ஆறு அமர்வு தலைமைத்துவ கோச்சிங்கும் ஒழுங்கு செய்கிறார்களாம். இரண்டு பக்கத்தையும் சமாளிக்க அது உதவுமா?

உதவும். ஆனால் எவ்வளவு உதவும் என்பதில் பாதி முதல் அமர்வுக்கு முன்பே முடிவாகிவிடும்.

எங்கள் பக்கம் தலைமைத்துவப் பயிற்சி என்றால் ஒருநாள் செயலமர்வுதான் நினைவுக்கு வரும்: வளவாளர் பேசுவார், மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். கோச்சிங்கில் பேசுவது பெரும்பாலும் நீங்கள். கோச் கேள்வி கேட்பார், நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பிக் காட்டுவார், அடுத்த அமர்வுக்குள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று பிடித்து வைப்பார். இது உளவளத்துணையும் அல்ல. நித்திரையே இல்லை, பழைய இழப்பு ஒன்று மனதை அழுத்துகிறது என்றால் (வன்னியில் இது அரிதான விசயம் அல்ல) நல்ல கோச் அந்த இடத்தில் நிறுத்தி, உளவளத்துணையாளரிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ அனுப்புவார். தானே சமாளிக்கப் பார்த்தால் ஆளை மாற்றுங்கள்.

தொடங்குமுன் நீங்கள், கோச், உங்கள் மனேஜர் மூவரும் ஒரு அரை மணித்தியாலம் இருந்து கதைக்க வேண்டும். எந்த மாற்றத்துக்காக இந்த அமர்வுகள், மனேஜருக்கு என்ன தகவல் போகும் என்ற இரண்டையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். போக வேண்டியது நீங்கள் அமர்வுக்கு வந்தீர்களா என்ற விவரமும் ஒத்துக்கொண்ட இலக்கும் மட்டுமே. மாமியோடு ஏற்பட்ட மனக்கசப்பு கிளைக்குள் வந்து சேர்ந்தால் அதன்பிறகு நீங்கள் உண்மை பேசப்போவதில்லை. அமர்வு ஒரு மணித்தியாலம், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறும் ஏறத்தாழ மூன்று மாதத்தில் முடியும். அவை வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் என்றால் உங்கள் சுமையில் இன்னொன்று கூடுகிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்து போனில் பேசுவதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து சீட்டில் யாராவது தெரிந்தவர் இருப்பார்.

கோச்சின் தகுதியையும் கேளுங்கள். சர்வதேச கோச்சிங் சம்மேளனமான ஐசிஎஃப் தரும் சான்றுகளில் முதல் நிலைக்கு 100 மணித்தியாலமும் இரண்டாம் நிலைக்கு 500 மணித்தியாலமும் கோச்சிங் அனுபவம் வேண்டும். சான்று இல்லாத எல்லாரும் மோசம் என்றில்லை. ஆனால் தமிழில் அமர்வு நடத்த முடியாதவர் வேண்டாம். வீட்டுக் கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது சொல்ல எளிதானது மட்டும்தான் வெளியே வரும்.

முதல் வேலை ஒரு வார நேரக் குறிப்பு. எழும்பியதிலிருந்து படுக்கும்வரை அரை மணிக்கு ஒரு கட்டம். பக்கத்தில் இன்னொரு நிரல்: இந்த வேலையை யார் நினைவில் வைத்திருந்தார்? உங்கள் தாளில் முதலில் தெரியப்போவது ஏ9 வீதி. போக வர ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர், காத்திருப்பையும் சேர்த்தால் மூன்று நான்கு மணித்தியாலம். அடுத்ததாகத் தெரிவது அந்த இரண்டாவது நிரல் முழுக்க உங்கள் பெயர் என்பது. மாமி சமைப்பார், பால்மா முடியப்போகிறது என்று கவனித்தவர் நீங்கள். ரியூசனுக்கு மாமி கூட்டிப்போவார். இன்று ரியூசன் இருக்கிறது என்று கிளிநொச்சியிலிருந்து போன் எடுத்துச் சொன்னவர் நீங்கள்.

ஒரு வேலைக்குள் மூன்று வேலை உண்டு: கவனிப்பது, முடிவெடுப்பது, செய்வது. பெரும்பாலான அம்மாமார் கடைசியை மட்டும் கொடுத்துவிட்டு, முதல் இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். களைப்பின் பெரும்பங்கு அங்கேதான். ஆகவே ஒரே ஒரு வேலையைத் தெரிவுசெய்து மூன்றையும் சேர்த்துக் கையளியுங்கள். மாமியிடம் இப்படிக் கேட்கலாம்: “மாமி, மூத்தவளின்ர ரியூசன் விசயம் இனி முழுக்க உங்கட பொறுப்பிலயே இருக்கட்டுமா? நான் இடையில கேக்கமாட்டன். ஏதும் கரைச்சல் எண்டால் மட்டும் போன் எடுங்கோ.” கணவர் கொழும்பில் என்பதால் அவருக்கு ஒன்றும் கொடுக்க முடியாது என்பது தவறு. பாடசாலை வட்ஸ்அப் குழு, முன்பள்ளிக் கட்டணம், தடுப்பூசித் திகதி எல்லாம் போனிலேயே முடியும் வேலைகள்.

பிழை நடப்பது முதல் வாரத்தில். ஒருநாள் ரியூசனுக்குப் பிந்திப் போவார்கள், அல்லது கொப்பி வீட்டில் கிடக்கும். உடனே வேலையைத் திரும்ப வாங்கிவிடுவீர்கள். அடுத்த தடவை யாரும் மனம்வைத்து ஏற்கமாட்டார்கள். மூன்று வாரம் கை வைக்காமல் இருக்க வேண்டும். எந்தக் குறையைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்க முடியாது (மருந்து, பிள்ளையைத் தனியே விடுவது) என்று முன்கூட்டியே பிரித்துவைப்பது கோச்சோடு இருந்து செய்யும் வேலை. கிளைப் பொறுப்பும் இதே திறமையைத்தான் கேட்கும். கீழே உள்ளவர் தயாரித்த அறிக்கையை இரவில் இருந்து திருத்தி எழுதும் பொறுப்பாளர், வீட்டில் பால்மாவையும் தானே நினைவில் வைத்திருப்பார்.

மனேஜரிடம் கேட்பதையும் அமர்விலேயே வாய்விட்டு ஒத்திகை பாருங்கள். கோச் மனேஜராக இருந்து மறுத்துப் பேசட்டும். “எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு சேர்” என்றால் அனுதாபம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. “கிளைக் கூட்டங்களை 3 மணிக்கு முன் முடிப்போம், ஆறு வாரம் பார்ப்போம், வேலை தேங்கினால் பழையபடி மாற்றுவோம்” என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வரும். ஒரு தடவைக்கு ஒரு வேண்டுகோள். நடைபாதையிலோ வட்ஸ்அப்பிலோ கேட்க வேண்டாம்.

பன்னிரண்டு மாதத்தை ஒரு தாளில் போட்டு நெருக்கடி வாரங்களைக் குறிப்பதும் பயன்தரும்: கிளையின் காலாண்டு முடிவு, கார்த்திகை மார்கழி மழை, வயல் இருந்தால் தை மாசி காலபோக அறுவடை, மூத்த பிள்ளையின் புலமைப்பரிசில் ஆண்டு. இரண்டு நெருக்கடி ஒன்றின்மேல் ஒன்று விழும் வாரங்களுக்கு லீவை இப்போதே ஒதுக்குங்கள்.

கைக்குழந்தையோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று: சட்டம் தருவதைக் கோச்சிங்கில் தேட வேண்டாம். 2018 திருத்தங்களுக்குப் பின் தனியார் துறையில் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வார மகப்பேற்று லீவு உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை. வேலைத்தளத்தில் குழந்தைப் பராமரிப்பு இடம் இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம்.

மூன்றாவது அமர்வு முடிந்தும் உங்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம்கூட இடம் மாறவில்லை, “நாலு மணிக்கு எழும்பிப் பாருங்கள்” என்பதுதான் கோச்சின் யோசனை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கையளிக்க வீட்டில் ஆளே இல்லாத அம்மாமாருக்கு, கணவரை இழந்து தனியே பிள்ளை வளர்ப்பவர்களுக்கு, மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது பகல்நேரப் பராமரிப்பு நிலையமும் வீட்டுக்குக் கிட்டிய வேலையும். நிறுவனம் உண்மையாக உதவ நினைத்தால் கோச்சிங் காசை அதில் போடலாம்.

உங்கள் விசயத்தில், கிளைப் பொறுப்பை உடனே நிரந்தரமாக ஏற்காமல் மூன்று மாதம் பதில் கடமையாகப் பார்க்கக் கேளுங்கள். ஆறு அமர்வும் அந்த மூன்று மாதத்துக்குள் வரட்டும். கடைசி அமர்வில் இன்னொரு வார நேரக் குறிப்பை எழுதி, முதல் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடலாம்.