போக்கரில் ஐந்து மாதத் தோல்வி: பிள்ளையின் வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் வேலை. சம்பளம் 70,000 ரூபா. சீசனில் சேர்விஸ் சார்ஜோடு ஒரு லட்சம் தாண்டும். இரண்டு வருடமாக ஒன்லைனில் போக்கர் விளையாடுகிறேன். முதல் வருடம் 10 அமெரிக்க சத பிளைண்ட் (சீட்டுப் போட முன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) மேசையில் 85,000 ரூபா வென்றேன். பிறகு 25 சத மேசைக்கு ஏறினேன். ஐந்து மாதமாக ஒரே தோல்வி. முதல் மூன்று மாதத்தில், ஏறத்தாழ 15,000 கைகளில் (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை), 120,000 ரூபா போனது. விட்டதைப் பிடிக்க 50 சத மேசையில் இருந்தேன், அடுத்த இரண்டு மாதத்தில் 192,000 போனது. கிரெடிட் கார்ட்டில் 180,000 நிற்கிறது, வட்டி 26 வீதம். கார்ட் வேலை செய்யாத நாட்களில் தெரிந்த ஒருவரிடம் கிரிப்டோ வாங்கிப் போடுவேன். மனைவியின் இரண்டு பவுன் சங்கிலி அடகில் இருக்கிறது. அது வங்கி லொக்கரில் இருப்பதாக அவள் நினைக்கிறாள். தையில் மச்சாளின் கலியாணம், அதற்குக் கட்டாயம் கேட்பாள். நான் பிழையாக விளையாடவில்லை. கையில் ஆகச் சிறந்த சீட்டான ஏஸ் சோடியோடு போயும் தோற்கிறேன். இந்தக் கெட்ட காலம் எவ்வளவு நீளும்? பிள்ளைக்கென்று 8 வீதத்துக்குப் போட்ட 3 லட்சம் நிலையான வைப்பை எடுத்து போக்கருக்கான காசை மறுபடி நிரப்பி விளையாடலாமா? வங்கிக் கூற்றையும் இணைத்திருக்கிறேன்.
- திருகோணமலை வாசகர்

பதில்: வைப்பை உடைக்கலாம் தம்பி, ஆனால் நீங்கள் சொல்லும் காரியத்துக்கு அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கெட்ட காலத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதைப் பார்ப்போம்.

ஏஸ் சோடியோடு எல்லாக் காசையும் நடுவில் தள்ளி, எதிராளி அதைவிடச் சின்னச் சோடி வைத்திருந்தால், ஐந்தில் நாலு தடவை நீங்கள் வெல்வீர்கள். மிச்ச ஒரு தடவை தோற்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை, கணக்கே அதுதான். நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லப்படுபவர் 100 கைகளுக்குச் சராசரியாக ஐந்து பிளைண்ட் வெல்வார். அதே 100 கைகளில் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமோ 90 பிளைண்ட் அளவுக்கு இருக்கும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்தால், அப்படிப்பட்டவர் 10,000 கைகள் விளையாடிய பிறகும் நட்டத்தில் நிற்க 100க்கு 29 வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் கைகளுக்குப் பிறகும் 4 வாய்ப்பு இருக்கும். ஆகவே நல்லாக விளையாடுகிறவருக்கும் மாதக்கணக்கில் தோல்வி வரலாம். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் உங்கள் கணக்கையும் அதே தராசில் வைக்க வேண்டுமே. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 120,000 என்பது 400 டொலர். 25 சத மேசையில் அது 1,600 பிளைண்ட். 15,000 கைகளில் இவ்வளவு கீழே போவது, வெல்லுகிற ஆட்டக்காரர் 100 பேரில் இரண்டு பேருக்கு நடக்கும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று சமமாக நிற்கிறவர்களில் ஏழு பேருக்கு நடக்கும். இதை மட்டும் வைத்து நீங்கள் தோற்கிற ஆள் என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். 10 சத மேசையில் வென்றது 25 சத மேசைக்கும் செல்லும் என்று நம்ப மட்டும் காரணம் குறைவு. மேலே போகப் போக எதிரில் இருப்பவர்களும் தேறினவர்கள். அதோடு மேசைக்காரன், அதாவது தளம், ஒவ்வொரு பானையிலும் (நடுவில் சேரும் பந்தயக் காசு) வழக்கமாக 5 வீதம் அளவில் எடுக்கிறான். ஒரே திறமையுள்ள ஆறு பேர் விடியும்வரை இருந்தால், ஆறு பேருமாகச் சேர்ந்து நட்டத்தில்தான் எழும்புவார்கள்.

கடைசி இரண்டு மாதத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. உங்கள் வங்கிக் கூற்றிலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு 12.40க்கு 15,000 போட்டிருக்கிறீர்கள். 1.55க்கு இன்னொரு 15,000. 3.10க்கு 30,000. அடுத்த நாள் காலை வேலை என்றால் அந்த மூன்றாவது தொகையைப் போட்ட ஆள் எந்த நிலையில் இருந்திருப்பார்? போக்கர்காரர் இதை டில்ட் என்பார்கள். தோல்வியின் சூட்டில் மேசையையும் பெரிதாக்கி, தொகையையும் இரட்டிப்பாக்கும் நிலை. முதல் மூன்று மாதத்தைச் சீட்டின் தலையில் போடலாம். 192,000ஐ அப்படிப் போட முடியாது.

இனி நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று. நாளைக்கே காற்று திரும்புகிறது, நீங்கள் உண்மையாகவே 100 கைகளுக்கு ஐந்து பிளைண்ட் வெல்பவர்தான் என்று வைப்போம். 25 சத மேசையில் அது 1.25 டொலர். ஒரு மேசையில் மணிக்கு 65 கைகள் அளவில் போகும். அப்படியென்றால் மணிக்கு 240 ரூபா சொச்சம். இழந்த 312,000 ரூபா திரும்ப வர 1,280 மணித்தியாலம் இருக்க வேண்டும். தினமும் மூன்று மணித்தியாலம் என்றால் 400 இரவுக்கு மேலே. தைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. அதற்குள் ஓர் இரவும் விடாமல் விளையாடி, கணக்கும் பிசகாமல் நடந்தாலும் 65,000 ரூபாதான் சேரும். ஒரே நேரத்தில் நாலு மேசை திறக்கலாம் என்பீர்கள். திறக்கலாம், மணிக்கணக்கு குறையும், ஒவ்வொரு மேசையிலும் ஆட்டமும் குறையும்.

விட்டது போகிற வேகம் வேறு, வருகிற வேகம் வேறு. மூன்று மாதத்தில் 312,000ஐத் திரும்பக் காட்டக்கூடிய ஒரே வழி பெரிய மேசையில் பெரிய தொகையோடு இருப்பது. அதைத்தான் ஏற்கெனவே இரண்டு மாதம் செய்து பார்த்துவிட்டீர்கள். ஹோட்டல் வேலையில் இருப்பதால் ஒரு பழக்கம் உங்களுக்கு வந்திருக்கலாம்: ஐப்பசியில் அறைகள் காலியாகும், சித்திரைக்குப் பிறகு வெள்ளைக்காரர் திரும்ப வருவார்கள், அதுவரை பொறுத்தால் போதும். கடலுக்கு அப்படியொரு சீசன் இருக்கிறது. சீட்டுக் கட்டுக்கு இல்லை. நேற்று இருபது கை தோற்றது இன்றைய கைக்குத் தெரியாது.

சரி, வைப்புக்கு வருவோம். கார்ட்டில் 180,000க்கு 26 வீதம் என்றால் மாதம் 3,900 ரூபா வட்டி. வைப்பில் 3 லட்சத்துக்கு 8 வீதம் என்றால் மாதம் 2,000 வருகிறது. பிள்ளைக்கென்று வைத்திருக்கிற காசு சம்பாதிப்பதைப் போல இரண்டு மடங்கை கார்ட் தின்கிறது. முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டுவார்கள், அதைச் சகிக்கலாம். வைப்பை எடுத்து கார்ட் கடனை முழுதாக அடைத்துவிடுங்கள். அதே நாளில் கார்ட்டை ரத்துச் செய்யுங்கள், குறைந்தது எல்லையை 25,000க்கு இறக்கக் கேளுங்கள். இதைச் செய்யாவிட்டால் வைப்பைத் தொடவே வேண்டாம். கடன் தீர்ந்து காலியான கார்ட் இரவு 3.10க்கு என்ன செய்யும் என்று நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். பற்று அட்டையிலும் ஒன்லைன், வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை நிறுத்தச் சொல்லுங்கள்.

மிச்சம் 120,000. அது சங்கிலிக்கு அல்ல, மழைக்காலத்துக்கு. சேர்விஸ் சார்ஜ் விழுகிற மாதங்களில் வீட்டுச் செலவுக்கு மாதம் 15,000, 20,000 என்று எடுங்கள். சங்கிலிக்கு இப்போது வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து, அடுத்த சீசனின் சேர்விஸ் சார்ஜில் மீட்கலாம். மீட்கிற தொகை கையிருப்புக்குள் அடங்கினால் முதலே மீட்டாலும் பிழையில்லை, ஆனால் அந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்கக் கூடாது.

ஏனென்றால் மனைவிக்குச் சொல்லாமல் இந்தத் திட்டத்தில் ஒன்றுமே நிற்காது. வைப்பு உடைவதும், சங்கிலி கலியாணத்துக்கு வராததும் எப்படியும் வெளியே வரும். கலியாண வீட்டில், ஆட்களுக்கு முன்னால், அவள் அறிவதைவிட இந்தக் கிழமை வீட்டில் அறிவது மேல். சண்டை வரும். வரட்டும். வங்கிக் கூற்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பிறகு மிச்சக் காசை அவள் பெயரில் போடுங்கள், அல்லது இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்ற கணக்கில் போடுங்கள்.

கிரிப்டோ விஷயத்தை இன்றோடு விடுங்கள். மெய்நிகர் நாணயம் வாங்கக் கடனட்டை, பற்று அட்டை பயன்படுத்த அனுமதி இல்லை என்று மத்திய வங்கி 2021இலேயே அறிவித்துவிட்டது. ஆள் மூலம் கைமாற்றினால் காசு நடுவில் நின்றாலும் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

திரும்ப எப்போதாவது விளையாடலாமா என்று கேட்பீர்கள். கடனும் அடகும் தீரும்வரை இல்லை. தளத்தின் அமைப்பில் சுயவிலக்கு (நீங்களே உங்கள் கணக்கைத் தடுத்து வைப்பது) இருந்தால் ஒரு வருடத்துக்குப் போடுங்கள். வெறுமனே செயலியை அழித்தால் பத்து நிமிடத்தில் திரும்ப இறக்கலாம். வருடம் கழித்தும் ஆசை இருந்தால் 10 சத மேசை. ஒரு மேசைக்குக் கொண்டுபோகும் காசின் முப்பது மடங்கு தனியாக இருக்க வேண்டும், 300 டொலர். அது பாதியானால் இன்னும் சின்ன மேசைக்கு இறங்க வேண்டும். மணிக்கு நூறு ரூபா வருகிற பொழுதுபோக்கு அது. அதற்கு 90,000 ரூபாவை ஒதுக்கி வைக்க மனம் வருகிறதா என்று அப்போது பார்ப்போம்.

செயலியைத் திறக்காமல் இருக்க முடியவில்லை, தூக்கம் இல்லை என்றால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது, 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். சூதை விட முடியாமல் தவிப்பதும் அவர்களோடு கதைக்கக்கூடிய விஷயம்தான்.

இன்னும் ஒன்று. எவ்வளவுக்கு விளையாடினீர்கள், எவ்வளவு போனது எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அடகுச் சீட்டில் உள்ள முடிவுத் திகதியை எழுதவில்லை. அது தாண்டினால் சங்கிலி ஏலத்துக்குப் போகலாம். சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திகதி கிட்டவென்றால் கார்ட்டுக்கு முன் அந்த வட்டியைக் கட்டுங்கள்.