ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் குற்றமா? – கேமரா கேள்வி பதில்

கேள்வி: சார், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு என் கேமராவை எடுத்துப் போயிருந்தேன். கூடவே வந்த 18-55 லென்ஸ், ஏ மோட் (அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை, நாம் வைப்பது), ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவு) ஆட்டோ. மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 12,800 வரை ஏறி, முகமெல்லாம் ரவை தூவின மாதிரி வந்திருக்கிறது. நண்பர் ஒருவர், ‘ஆட்டோவெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு, 400-ல் நிறுத்திவிட்டு எடு’ என்றார். ரிசப்ஷனில் அப்படியே எடுத்தேன், ஒரு படம்கூட ஷார்ப்பாக இல்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் நண்பரை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12,800-லிருந்து 6,400, 3,200, 1,600, 800, 400 என்று ஐந்து முறை பாதியாக்கினால்தான் அவர் சொன்ன இடத்துக்கு வர முடியும். அப்படி என்றால் படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு 32 மடங்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஏ மோடில் அப்பர்ச்சர் உங்கள் கையில் இருக்கிறது, ஐஎஸ்ஓவையும் கட்டிப்போட்டாயிற்று, பாவம் கேமரா, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைத்தான் இழுக்கும். 12,800-ல் 1/80 விநாடியில் முடிந்த படத்துக்கு 400-ல் 0.4 விநாடி ஆகும். அதற்குள் மாப்பிள்ளை மொய்க் கவரை வாங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தே விடுவார், படத்தில் நாலு கை தெரியும்.

ரவை தூவினது ஐஎஸ்ஓ எண் செய்த குற்றமல்ல, வெளிச்சம் போதாத குற்றம். 400-ல் இருட்டாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கினாலும் அதே ரவை வரத்தான் செய்யும். காசு செலவழிக்கத் தயார் என்றால் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். உங்கள் லென்ஸை 55 வரை ஜூம் செய்தால் எஃப் 5.6தான் திறக்கும், 1.8-ல் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 12,800 கேட்ட அதே இடத்தில் 1,300 பக்கத்திலேயே வேலை முடிந்துவிடும்.

சரி, ஆட்டோவுக்கு வருவோம். ஆட்டோவில் விடுவது தப்பில்லை, எல்லை சொல்லாமல் விடுவதுதான் தப்பு. மெனுவில் ஐஎஸ்ஓ ஆட்டோ பகுதியில் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்கும், 6,400 வையுங்கள். பல கேமராக்களில் அதன் பக்கத்திலேயே குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீட் என்று ஒன்று இருக்கும், முக்கியமானது அதுதான். அதை நாம் சொல்லாவிட்டால் கேமரா தன் போக்கில் 1/60, 1/80 என்று எடுத்துக்கொள்ளும். வரிசையாக நிற்கும் சொந்தக்காரர்களுக்கு அது போதும், தாலி கட்டும் நொடியில் விழும் அட்சதைக்குப் போதாது. 1/250-ஆவது வைத்தால்தான் அரிசி ஓரளவு அரிசியாகத் தெரியும், இல்லாவிட்டால் மஞ்சள் கோடு. ஒன்று கவனம்: ஏ மோடில் 6,400-ஐத் தொட்ட பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், நீங்கள் வைத்த ஷட்டர் எல்லையைக் கேமரா சொல்லாமல் கொள்ளாமல் மீறிவிடும்.

உங்கள் மாடலில் அந்த வசதியே இல்லையா? எம் மோடுக்குப் போய், அப்பர்ச்சரையும் ஷட்டரையும் நீங்கள் பிடித்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். இங்கே வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டர் மாறாது, படம் இருட்டும். இருட்டைக் கொஞ்சம் மீட்கலாம், ஆடிப்போனதை மீட்க முடியாது. இதற்கென்றே பென்டாக்ஸ் 2006-ல் கே10டி கேமராவில் டிஏவி என்று தனி மோடே கொடுத்தார்கள், கத்துக்குட்டிகளுக்காக அல்ல!

அப்புறம், மேடையில் எல்இடி விளக்கு இருந்து படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுந்தால் 1/100-க்கு இறங்குங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் அதில் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன.

கேள்வி: வேடந்தாங்கலில் கொக்கு எடுத்தேன். மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வெள்ளைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி இறகே தெரியவில்லை, அதே கொக்கு பறக்கும்போது காக்கா மாதிரி கறுத்துப்போகிறது. எம் மோட், ஐஎஸ்ஓ ஆட்டோ. கேமரா பழுதா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: கேமரா நன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிப் பார்ப்பது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் பிறவிக் குணம். சுற்றிலும் கரும்பச்சை இலை இருந்தால், ‘ஐயோ, இருட்டு’ என்று ஐஎஸ்ஓவை ஏற்றும், கொக்கு வெந்துபோகும். பின்னால் வானம் வந்தால், ‘அடேயப்பா, என்ன வெளிச்சம்’ என்று இறக்கும், கொக்கு காக்காவாகும். ஆனால் யோசித்துப் பாருங்கள், கொக்கின் மேல் விழுகிற வெயில் மரத்திலும் வானத்திலும் ஒரே வெயில்தானே? மாறியது பின்னணி மட்டும்.

அதனால் இங்கே நான் ஆட்டோவை அணைத்துவிடுவேன். வெயில் நிலையாக இருக்கும் காலை ஏழரை மணிக்கு 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 640 என்று தொடங்கி, உட்கார்ந்திருக்கும் கொக்கை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுத்துப்போன இடம் திரையில் மினுக்கிக் காட்டும்படி மெனுவில் ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுவையுங்கள். முதுகு மினுக்கினால் ஐஎஸ்ஓவை 500, 400 என்று இறக்குங்கள், மினுக்கல் நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். இனி அது பறந்தாலும் உட்கார்ந்தாலும் இறகு இறகாக வரும், மரத்தின் நிழலுக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

மேகம் வந்து வந்து போகிற நாளில் இது சரிப்படாது, ஒவ்வொரு முறையும் திருகிக்கொண்டிருந்தால் பறவை போய்விடும். அப்போது ஐஎஸ்ஓ ஆட்டோவையே போட்டு, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தை வெளுப்பாகவோ இருட்டாகவோ தள்ளும் வசதி) மரத்துக்கு மைனஸ் 1, வானத்துக்கு பிளஸ் 1 என்று கட்டைவிரலால் மாற்றுங்கள். எம் மோடில் ஐஎஸ்ஓ ஆட்டோ இருந்தால் பல புதிய கேமராக்களில் இந்த பட்டன் ஐஎஸ்ஓவை அசைக்கும், சில பழைய மாடல்களில் அசைக்காது, வீட்டிலேயே சுவரைப் பார்த்து ஒரு முறை சோதித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பூஜ்ஜியத்துக்குத் திருப்பவும் மறக்காதீர்கள். பிளஸ் 1-லேயே விட்டுவிட்டு மறுநாள் ஒரு காதுகுத்து முழுக்க வெளுப்பாக எடுத்துத் திட்டு வாங்கிய ஆள் நான்.

கேள்வி: ட்ரைபாடில் வைத்துத் திருவண்ணாமலை தீபம் எடுத்தேன். அசைவே இல்லாமல் எடுத்தும் வானமெல்லாம் புள்ளி. ஏன்?
– வாசகி, போளூர்

பதில்: ஐஎஸ்ஓ ஆட்டோவிலேயே இருந்திருக்கும், ஏ மோடில் எடுத்திருப்பீர்கள். தனக்குக் கீழே மூன்று கால் இருப்பது கேமராவுக்குத் தெரியாது, கையில் பிடித்திருப்பதாக நினைத்து ஷட்டரை நீட்டப் பயந்து ஐஎஸ்ஓவை உச்சிக்கு ஏற்றியிருக்கும். ட்ரைபாடில் ஏறினால் ஆட்டோவை அணையுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 4 விநாடியில் ஒன்று, 8 விநாடியில் ஒன்று எடுத்துப் பாருங்கள், இரண்டு விநாடி டைமரும் போட்டுக்கொள்ளுங்கள், பட்டனை அமுக்கும் விரலே கேமராவை ஆட்டும்.